தினசரி ஓட்டத்துக்குப் பழைய பாக்ஸ்டர் சரிப்படுமா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

2005-க்கும் 2012-க்கும் இடைப்பட்ட போர்ஷே பாக்ஸ்டர் (கூரை திறக்கும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றைத் தினமும் ஓட்ட வாங்கும் எண்ணம். 2008 வரையிலான எஞ்சின்களில் இடைத்தண்டின் (கிராங்க் தண்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளுக்குச் செயின் வழியே கடத்துவது) பேரிங் உடைந்தால், டைமிங் (வால்வும் பிஸ்டனும் ஒத்து இயங்கும் நேரக்கணக்கு) தவறி, வால்வு பிஸ்டனில் மோதி எஞ்சினே போய்விடும். அவற்றிலேயே கடைசி சில வருட மாடல்களில் பேரிங் பெரியது, ஆனால் எஞ்சினைப் பிரிக்காமல் மாற்ற வழியில்லை. 2009 மாடலிலிருந்து அந்தத் தண்டே கிடையாது. அதனால்தான் மனம் அந்தப் பக்கம் சாய்கிறது.

பழையதை வைத்திருப்பவர்களே, ஆயில் ஃபில்டரைப் பிரித்து மடிப்புகளை விரித்துப் பார்க்கிறீர்களா? காந்தத்தில் ஒட்டும் பளபளப்புத் துகள் என்றால் பேரிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். பழுப்புப் பிளாஸ்டிக் துணுக்கு பெரும்பாலும் டைமிங் செயினைத் தடம் மாறாமல் பிடித்திருக்கும் வழிகாட்டியிலிருந்து வருவது. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறீர்கள் என்றும் எழுதுங்கள்.

சொகுசு விஷயத்தில் ஒரே கேள்விதான்: 19 அங்குலச் சக்கரத்திலிருந்து 17-க்கு இறங்கியவர்களுக்குக் குண்டுகுழிச் சாலையில் முதுகு தப்பித்ததா?

முன்னும் பின்னுமாக இரண்டு டிக்கி இருப்பது பெரிய வசதி. மாஸ்டா எம்எக்ஸ்-5-இல் ஒன்றுதான். அதில் கூரைத்துணியின் வடிகால் துளை அடைத்தால் தண்ணீர் கதவடிச் சட்டத்தில் தேங்கித் துருப்பிடிக்கும். பாக்ஸ்டரிலும் வடிகால் அடைப்பு தொல்லை தருகிறதா? எதை விட்டுச் சுத்தம் செய்கிறீர்கள்?