செங்கல் சூளைப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மாணவர் பிரசாரம்: பேரணிக்கு அப்பால் என்ன செய்யலாம்?

கரும்பலகை (கேள்வி)

வணக்கம். திருவள்ளூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மாணவர் மன்றத்துக்குப் பொறுப்பாசிரியை. 8, 9ஆம் வகுப்புப் பிள்ளைகள் கல்வி உரிமைக்காகப் பிரசாரம் செய்ய விரும்புகிறார்கள். ஊரைச் சுற்றிப் பல சூளைகள். ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை. நவம்பர் 14 அன்று பதாகைகளோடு பேரணி போகலாம் என்பது இப்போதைய திட்டம். இதனால் ஒரு குழந்தையாவது பள்ளியில் சேருமா? கிராம சபையில் மாணவர்களே மனு கொடுக்க முடியுமா? ஆவணம் எதுவும் இல்லாத பிள்ளையை எப்படிச் சேர்ப்பது?

சூளைக்கரை

டீச்சர், முதலில் நாள்காட்டியைச் சரிசெய்யுங்கள். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. சூளையில் வேலை இருக்காது, வெளிமாநிலக் குடும்பங்களும் பெரும்பாலும் வந்திருக்கமாட்டார்கள். மழை ஓய்ந்து டிசம்பர் கடைசி, ஜனவரியில் வந்து இறங்குவார்கள், ஜூன் வாக்கில் கிளம்பிவிடுவார்கள். ஜூனில் நாம் நடத்தும் மாணவர் சேர்க்கைப் பேரணி நடக்கும்போது அந்தப் பிள்ளைகள் ரயிலில் இருப்பார்கள். ஆகவே நவம்பர் 14ஐ ஆயத்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரசாரம் சூடுபிடிக்க வேண்டியது ஜனவரியில். ஜனவரி 26 கிராம சபை இதற்கென்றே அமைந்த மாதிரி வருகிறது.

அடுத்து, என்ன கேட்பது என்பது. "எல்லோருக்கும் கல்வி வேண்டும்" என்று பதாகை பிடித்தால் யாரும் மறுக்கமாட்டார்கள், யாரும் எதுவும் செய்யவும்மாட்டார்கள். பொறுப்பு யாருடையது என்று சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் பிரிவு 9ஐப் படித்துப் பாருங்கள். தன் எல்லைக்குள் வசிக்கும் 14 வயது வரையான குழந்தைகளின் பதிவேட்டை உள்ளாட்சி அமைப்பு பராமரிக்க வேண்டும். புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் குழந்தைகள் பள்ளியில் சேர்வதை உறுதிசெய்வதும் அதன் கடமை. ஊராட்சியும் உள்ளாட்சி அமைப்புதான். எனவே கோரிக்கை இப்படி இருக்கட்டும்:

"நமது ஊராட்சி எல்லைக்குள் உள்ள சூளைகளில் தங்கியிருக்கும் 14 வயது வரையான எல்லாக் குழந்தைகளையும் வட்டார வள மையத்துடன் சேர்ந்து பிப்ரவரி 10க்குள் பெயர்ப் பட்டியலிட வேண்டும். 6 முதல் 14 வயது வரையானவர்களை பிப்ரவரி 20க்குள் பள்ளியில் சேர்க்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று அறிக்கை வைக்க வேண்டும்."

தேதி, செய்ய வேண்டியவர், திரும்பக் கேட்கும் இடம், மூன்றும் இதில் இருக்கின்றன. மார்ச் 22 அடுத்த கிராம சபை. சேர்க்கை நடந்ததா என்று அங்கே கேட்கலாம்.

கிராம சபையில் தீர்மானம் போடும் உரிமை வாக்காளர்களுக்குத்தான். மாணவர்கள் எழுதட்டும், அனுமதி பெற்று வாசிக்கட்டும், ஆனால் தீர்மானமாக முன்மொழியப் பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் ஒருவரைத் தயார்செய்யுங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். சூளை வேலைக்கே போகும் உள்ளூர்த் தாய்மார்கள் அதில் இருந்தால் அவர்களைவிட நல்ல ஆள் கிடையாது. தீர்மானப் பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, நகலுக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வாருங்கள். வாய்மொழியாக "ஆகட்டும்" என்று சொன்னது மறுநாள் நிற்காது.

ஆவணம் பற்றி: வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது, பிரிவு 14. பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் மருத்துவமனைப் பதிவு, அங்கன்வாடிப் பதிவு, அதுவும் இல்லையென்றால் பெற்றோரின் உறுதிமொழி போதும். "பிப்ரவரி ஆகிவிட்டது, இனி அடுத்த வருஷம்தான்" என்பதும் செல்லாது. கல்வியாண்டின் எந்த நாளில் வந்தாலும் சேர்க்க வேண்டும் என்கிறது பிரிவு 15. ஆதார் இல்லாத காரணத்தால் எந்தக் குழந்தைக்கும் பள்ளிச் சேர்க்கை மறுக்கப்படக் கூடாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில் சொல்லிவிட்டது. இந்த மூன்றையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, மாணவர்கள் அக்கம்பக்கத்து ஐந்தாறு பள்ளிகளின் தலைமையாசிரியர்களிடம் மரியாதையோடு நேரில் கொடுக்கட்டும். மறுப்பு பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் வருவதில்லை. நாலு மாதத்தில் போய்விடும் பிள்ளையின் பெயர் எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவர இணையப் பதிவு) தேங்கி நிற்கும் என்ற பயத்தில் வருகிறது. அந்தப் பயத்துக்குப் பதில் கையில் இருந்தால் கதவு திறக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மாணவர்களைச் சூளைக்குள் கணக்கெடுக்க அனுப்பாதீர்கள். அது வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்களும் ஊராட்சிப் பணியாளர்களும் செய்ய வேண்டிய வேலை.

சட்டப்படி

மேலே சொன்னதோடு ஒரு முக்கியமான எச்சரிக்கை: படம் எடுக்காதீர்கள். கல் புரட்டும் குழந்தையின் முகத்தைப் பதாகையிலோ வாட்ஸ்அப்பிலோ போடுவது நல்ல நோக்கத்தோடு செய்தாலும் குற்றமாகலாம். சட்டத்துக்குப் புறம்பாக வேலையில் இருக்கும் குழந்தை, இளைஞர் நீதிச் சட்டம் 2015இன்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. அப்படிப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் ஊடகத்தில் வெளியிடப் பிரிவு 74 தடை விதிக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாணவர்கள் வரைந்த படங்களைப் பயன்படுத்துங்கள்.

குழந்தை வேலை செய்வதைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். முன்பணம் கொடுத்துக் குடும்பத்தையே வெளியேற விடாமல் வைத்திருப்பதாகத் தெரிந்தால் அது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரும், கோட்டாட்சியருக்குத் தகவல் போக வேண்டும். இதைப் பெரியவர்கள் செய்ய வேண்டும். மாணவர் மன்றத்தின் பெயரை இதில் கொண்டுவரவே கூடாது, உள்ளூரில் அந்தப் பிள்ளைகள்தான் பகையைச் சுமப்பார்கள்.

தீர்மானத்துக்குப் பிறகும் சேர்க்கை நடக்கவில்லை என்றால் கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 32இன்படி உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்துப் புகார். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதில் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு. மூன்று மாதம் காத்திருந்தால் சூளைப் பருவமே முடிந்துவிடும் என்பதால், அதே நாளில் திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்திலும் ஒரு மனு கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

கரும்பலகை

மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். தமிழே தெரியாத 11 வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைப்பதா? பெரிய பெண் பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடுகிறார்களே, அதற்கு என்ன வழி?

ஏட்டுப்பள்ளி

ஒன்றாம் வகுப்பில் போடவே கூடாது டீச்சர். கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 4 வயதுக்கேற்ற வகுப்பு என்கிறது. 11 வயது என்றால் ஆறாம் வகுப்பு, அதோடு சிறப்புப் பயிற்சி. குறைந்தது மூன்று மாதம், தேவையானால் இரண்டு ஆண்டு வரை. 13 வயதில் சேர்ந்த பிள்ளை 14ஐத் தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை இலவசக் கல்விக்கு உரிமை உண்டு. 13 வயதுக்காரரை "இன்னும் ஒரு வருஷம்தானே" என்று விட்டுவிடுவதுதான் பெரிய இழப்பு.

மொழிக்கு, ஒடியா பேசத் தெரிந்த ஒருவரைச் சிறப்புப் பயிற்சி மையத்தில் கல்வித் தன்னார்வலராக வைக்கக் கேளுங்கள். சூளைக் குடும்பங்களிலேயே எட்டு, பத்து படித்த இளம்பெண்கள் கிடைப்பார்கள். ஒடியாப் பாடநூலுக்கு வட்டார வள மையம் வழியாகக் கடிதம் ஜனவரியிலேயே போக வேண்டும். மார்ச்சில் கேட்டால் புத்தகம் வரும்போது பிள்ளை இருக்காது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் சாவி அங்கன்வாடியில் இருக்கிறது. சூளையில் வேலை நள்ளிரவு தாண்டித் தொடங்கும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று குடும்பத்துக்கே கூலி என்பதால் தாய் கைக்குழந்தையோடு உட்கார முடியாது, அக்காள் உட்காருகிறாள். சின்னவர்களுக்கு இடம் கிடைக்காமல் அக்காள் பள்ளிக்கு வரமாட்டாள். அதனால் கிராம சபைத் தீர்மானத்திலேயே ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை அங்கன்வாடியில் பதிய வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் வண்டியும் வழித்துணையும் கேளுங்கள். லாரி ஓடும் சாலையில் தனியாக அனுப்பத் தாய்க்கு மனம் வராது. ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்குக் காலை உணவுத் திட்டம் இருப்பதைப் பெற்றோருக்கு ஒடியாவில் சொல்லுங்கள். விடியற்காலையில் அடுப்பு மூட்ட நேரமில்லாத வீட்டில் இது பெரிய காரியம்.

மாணவர் மன்றத்துக்கும் இங்கே நல்ல வேலை இருக்கிறது. வகுப்புக்கு இரண்டு துணைத் தோழர்கள். முதல் இரண்டு வாரம் பக்கத்தில் உட்கார்வது, கழிப்பறை எங்கே என்று காட்டுவது, சத்துணவு வரிசையில் கூட நிற்பது. சேர்ந்த பிள்ளை முதல் வாரத்தில் கேலிக்கு ஆளானால் அதோடு நின்றுவிடும்.

சூளைக்கரை

ஒன்று விட்டுப்போயிற்று. ஊர் திரும்பும்போது மாற்றுச் சான்றிதழ். பிரிவு 5 கேட்ட உடனே தரச் சொல்கிறது. ஆனால் பெற்றோர் கேட்கமாட்டார்கள், இரவோடு இரவாகக் கிளம்பிவிடுவார்கள். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே படித்த வகுப்பு, வருகை நாள், எமிஸ் எண் மூன்றையும் எழுதி முத்திரையிட்ட தாள் ஒன்றைக் குடும்பத்திடம் கொடுத்துவையுங்கள். பெயரை ரேஷன் அட்டையிலோ வாக்காளர் அட்டையிலோ உள்ள எழுத்துப்படியே பதியச் சொல்லுங்கள், காதால் கேட்டுத் தமிழில் எழுதினால் ஒடிசாவில் பெயர் பொருந்தாது. பெற்றோர் மறுபடி வேலைக்குக் கிளம்பும் மாதங்களில் பிள்ளை ஊரிலேயே தங்கிப் படிக்க ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களில் பருவகால விடுதிகள் நடக்கின்றன. குடும்பம் எந்த மாவட்டம், எந்த வட்டாரம் என்பதைப் பிப்ரவரிப் பட்டியலிலேயே ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டால், அந்தத் தகவலை மாவட்ட நிர்வாகம் வழியாக அங்கே அனுப்பலாம்.