பொருள்: ஒரே பக்கத்தில் மூன்று ‘தடையுத்தரவு’

வணக்கம்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வழக்காவணத்தைத் தமிழில் முடித்துக் கொடுக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் இரண்டு வீடுகளுக்கு நடுவே எழும் மதில் பற்றிய வழக்கு. எதிராளியான அம்மா, நீதிமன்றப் பிஸ்கால் உத்தியோகத்தர் கொண்டுவந்து கொடுத்த சிங்களக் கடதாசியை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். திங்கட்கிழமை தவணை.

கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டளைகள் கேட்கப்பட்டிருக்கின்றன. முதலாவது, சிங்களத்தில் வாரண நியோகய எனப்படுவது. மற்றத் தரப்பைக் கேட்கும்வரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று நீதிபதிக்குத் தோன்றினால் உடனே கொடுப்பது. முதலில் 14 நாட்களுக்கு மேற்படக் கூடாது, தக்க காரணம் இருந்தால் மேலும் 14, 14 நாட்களாக நீட்டலாம். இரண்டாவது அதுரு தஹனம் நியோகய. இரு தரப்பையும் கேட்டபின், வழக்கு முடியும்வரைக்கும் இருப்பது. மூன்றாவது, தீர்ப்போடு வரும் நிரந்தரமானது. 1889ஆம் ஆண்டிலிருந்து வரும் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில் உள்ளவைதான் இவை. சிங்களத்தில் முதலாவதுக்கும் மற்றவற்றுக்கும் சொல்லே வேறு. நம் பத்திரிகைகளிலோ முதல் இரண்டும் ‘இடைக்காலத் தடை’. மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்மானத்தை நிறுத்திவைத்தாலும் அதே ‘இடைக்காலத் தடை’.

அந்த அம்மா கேட்டது இதுதான்: “தடை என்று போட்டிருந்தால் வழக்கு தோத்துப்போச்சு என்றுதானே தம்பி அர்த்தம்?” அந்த 14 நாள் கட்டளைக்கு ஒரு சொல் தாருங்கள்.

— புதுக்கடை மொழிபெயர்ப்பாளர்

*

தம்பி, வடக்கு கிழக்கு நீதிமன்றங்களில் தமிழில் வாதாடுகிறவர்கள் ‘கட்டாணை’ என்கிறார்கள். கட்டுப்படுத்தும் ஆணை. அதையே எடுங்கள்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்தக் கட்டளைகளை எல்லாம் ‘தடை’ என்பதே பிழை. “கட்டிய மதிலை இடி” என்று நீதிமன்றம் பணித்தாலும் அது இதே இனம்தான். அதை எப்படித் தடை என்பது? ஒரு கட்சிக்காரருக்கு நான் இதை விளங்கப்படுத்தப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தடை வந்திருக்கிறது, ஆகவே ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும் என்று அவர் பேசாமல் இருந்துவிட்டார்.

— வெள்ளவத்தை, சட்டத்தரணி

*

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

வாரணம் நமக்கும் அந்நியமில்லை. யானை, சங்கு, கோழி என்று நிகண்டுகள் அடுக்கினாலும், தடை என்ற பொருளும் அதற்கு உண்டு. வெள்ள நிவாரணம் என்கிறோமே, அதுவும் இந்த வேர்தான்: வருகிற துன்பத்தைத் தடுப்பது. ஆனாலும் ‘வாரண ஆணை’ என்றால் யானை வந்து நிற்கும், வேண்டாம்.

பரிமேலழகர் அறத்தை எப்படி வகுத்தார்? விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும். இதைவிட நீதிமன்றக் கட்டளைக்கு வேறு இலக்கணம் வேண்டுமா? “இடி” என்பது விதியாணை, “கட்டாதே” என்பது விலக்காணை. சட்டத்தரணியின் சிக்கல் இரண்டு சொல்லில் தீர்ந்தது.

இன்னொன்று. பெரியபுராணத்தில் திருநீலகண்ட நாயனாரை அவர் மனைவி ஆணையிட்டு மறித்தாரே, ‘எம்மை’த் தீண்டினால் திருநீலகண்டத்தின்மேல் ஆணை என்று! அவர் ‘என்னை’ என்று சொல்லவில்லை. அந்தப் பன்மையைக் கேட்ட நாயனார் உலகத்துப் பெண்கள் எவரையும் மனத்தாலும் தீண்டுவதில்லை என்று முதுமைவரை நின்றார். ஆணையின் எல்லை அதன் சொல்லில் இருக்கிறது. ஒரு சொல் மாறினால் கட்டுப்படுகிறவரின் வாழ்க்கையே மாறும். ஆகவே மறித்தலிலிருந்து ‘மறிப்பாணை’ என்றும் ஆக்கலாம்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தெஹிவளை

*

மாஸ்டர், கதை மனதைத் தொட்டது. ஆனால் மறிப்பாணை நம் நாட்டில் உதவாது. தமிழ்நாட்டில் மறியல் என்றால் தெருவை மறிப்பது, இங்கே சிறை. விளக்கமறியலை வாரம்தோறும் பத்திரிகையில் பார்க்கிறவருக்கு மறிப்பாணை என்று ஒரு கடதாசி போனால் உள்ளே போடப் போகிறார்கள் என்றுதான் பயப்படுவார். விலக்கும் அப்படித்தான். வரிவிலக்கு என்று பழகிய காதுக்கு, விலக்காணை என்றால் சலுகை.

தமிழக நீதிமன்றங்களில் ‘உறுத்துக்கட்டளை’ நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. அறிவுறுத்து, வலியுறுத்து, அச்சுறுத்து என்பவற்றில் வரும் அதே உறுத்து. செய் என்றும் உறுத்தலாம், செய்யாதே என்றும் உறுத்தலாம். ஒரு தீர்மானத்தை நிறுத்திவைப்பதற்கு அவர்கள் தடையாணை என்று தனியாக வைத்திருக்கிறார்கள். தயாராக இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிது தேட வேண்டும்?

— திருகோணமலையான்

*

கொழும்பில் உறுத்துவது கண்ணில் விழுந்த தூசு மட்டும்தான், தம்பி. அந்த அம்மாவுக்கு அது விளங்காது.

— வெள்ளவத்தை, சட்டத்தரணி

*

அக்கா, கட்டாணை மட்டும் கேட்டவுடன் விளங்குமா? தட்டச்சில் ஓர் எழுத்துத் தவறினால் நீர்கொழும்புப் பக்கத்துக் கட்டானை ஆகிவிடும். புதுச் சொல் எதுவானாலும் முதல் தடவை விளங்காதுதான். இரண்டு நாட்டுத் தமிழருக்கும் ஒரே சொல் கிடைக்கும் வாய்ப்பை விடுகிறோம் என்பதுதான் என் கவலை.

— திருகோணமலையான்

*

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு முடித்துவிட்டேன். 14 நாளைக்குரியதைக் ‘கட்டாணை’ என்றும், மற்ற இரண்டையும் ‘இடைக்காலத் தடைக்கட்டளை’, ‘நிரந்தரத் தடைக்கட்டளை’ என்றும் போட்டேன். இந்த வழக்கில் கேட்பதெல்லாம் கட்டாதே என்பதுதான், அதனால் தடை இங்கே பொருந்துகிறது. அக்கா சொன்ன குறை அப்படியேதான் இருக்கிறது. கட்டாணை வந்த முதல் இடத்தில் ‘14 நாட்களுக்கு மேற்படாத’ என்பதையும் சேர்த்தேன். இன்று காலை அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்து, திரும்ப ஒருக்கால் வாசிக்கச் சொன்னார். பிறகு, “அப்ப இன்னும் என்ர பக்கத்தைக் கேக்கேல்லை” என்றார்.

— புதுக்கடை மொழிபெயர்ப்பாளர்

*

சந்தோஷம் மகன். ஆனால் அவருக்கு விளங்கியது ‘14 நாட்கள்’, கட்டாணை இல்லை. விலக்காணையை நான் திரும்பப் பெறவில்லை. அடுத்த வழக்கில் மதிலை இடிக்கச் சொல்லும் கட்டளை வரட்டும், அப்போது எழுதுங்கள்.

— தெஹிவளை