ரூத் ஒரு பிக்கா, ரெண்டு பிக்கா? இறுதிப்போட்டி ஓட்டு

கூப்பர்ஸ்டவுன் குமரன்:
நேத்து ராத்திரி கர்வ்பால் கண்ணன் எழுதினதைப் படிச்சதுலேருந்து தூக்கம் இல்லை. "பேப் ரூத் பிட்சர், அதாவது பந்து போடறவர்ங்கறது பாட்டி கதை. ஒரு பிக்கை வச்சுக்கிட்டு குமரன் பேட்டர், பிட்சர்னு ரெண்டு ஆளை இறக்கப் பாக்கறார்"னு போட்டிருக்கார்.

புதுசா வந்தவங்களுக்கு: எட்டு பேர் முறை வச்சு எல்லாக் காலத்து பேஸ்பால் வீரர்களையும் பிரிச்சு எடுத்தோம்; எடுக்கற ஒவ்வொரு ஆளும் ஒரு பிக். இறுதிக்கு வந்தது நானும் கண்ணனும். என் பக்கம் ரூத், டெட் வில்லியம்ஸ், ஜாஷ் கிப்சன், வால்ட்டர் ஜான்சன். அவர் பக்கம் வில்லி மேஸ், பாரி பாண்ட்ஸ், ஓத்தானி, பெட்ரோ மார்ட்டினெஸ். ஏழு ஆட்டத் தொடர் நடந்தா யார் ஜெயிப்பாங்கன்னு மத்த ஆறு பேரும் ஓட்டுப் போடணும்.

பாட்டி கதையாம்! 1916-ல அமெரிக்கன் லீக்லயே குறைஞ்ச இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் தன் பொறுப்புல விட்ட ரன் சராசரி) யாருது? ரூத், 1.75. அந்த வருஷம் 23 வெற்றி, 9 ஷட்அவுட் (எதிரணிக்கு ஒரு ரன்கூட விடாம முழுசாப் போட்ட ஆட்டம்). பட்டத்துக்கான உலகத் தொடர்ல வரிசையா 29 இன்னிங்ஸுக்கு மேல ஒரு ரன் விடலை. 1961-ல வைட்டி ஃபோர்டு வந்துதான் அதை உடைச்சார். வாழ்நாள் கணக்கு 94 வெற்றி, 46 தோல்வி. யாங்கீஸ் அணிக்குப் போய் முழுநேர பேட்டர் ஆனப்புறமும் அஞ்சு தடவை பந்து போட மவுண்டு ஏறினார். அஞ்சும் ஜெயிச்சார். அஞ்சுக்கு அஞ்சு!

கர்வ்பால் கண்ணன்:
பதினஞ்சு சீசன்ல அஞ்சு ஆட்டம். மூணு வருஷத்துக்கு ஒண்ணு. எங்க ஊர்க் கோயில் தேர்கூட வருஷா வருஷம் ஓடும் அண்ணே.

நான் சொன்னதை முழுசாப் போடுங்க. ரூத் நல்ல பிட்சர் இல்லைன்னு நான் சொல்லவே இல்லை. பிட்சர் ரூத் வேற, பந்தை வேலிக்கு வெளிய தூக்கி அடிக்கற ஹோம் ரன் ரூத் வேற. நீங்க மார்தட்டற அந்த 1916-ல அவர் அடிச்ச ஹோம் ரன் மூணு. 60 அடிச்ச 1927-ல போட்ட இன்னிங்ஸ் சைபர். ரெண்டையும் ஒட்டவச்சு ஒரு ஆளாக் காட்டறீங்க.

ஓத்தானியைப் பாருங்க. 2022-ல 34 ஹோம் ரன், அதே வருஷம் 15 வெற்றி, 2.33 இ.ஆர்.ஏ. 2023-ல 44 ஹோம் ரன், 10 வெற்றி. 2025 அக்டோபர் 17, மில்வாக்கிக்கு எதிரா ஒரே ராத்திரியில மூணு ஹோம் ரன், ஆறு இன்னிங்ஸ் ரன்னே குடுக்காம பத்து ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல பேட்டரை அவுட் ஆக்கறது). ஒரே ஆள், ஒரே ராத்திரி.

கூப்பர்ஸ்டவுன் குமரன்:
1918 தெரியுமா தம்பி? 13 வெற்றி, 2.22, அதோட 11 ஹோம் ரன். லீக்லயே அதுதான் அதிகம், டில்லி வாக்கரோட சமம். 1919-ல 9 வெற்றி, 29 ஹோம் ரன். அதுவரைக்கும் ஒரு சீசன்ல யாரும் அத்தனை அடிச்சதில்லை. ஒரே ஆள், ஒரே வருஷம். அதுக்கப்புறமும் அஞ்சுக்கு அஞ்சு. அதுக்கு இன்னும் பதில் வரலை.

ஃப்ரீமான்ட் ராஜி:
ஒரு நிமிஷம். ஒரு ஆளை எடுத்தா அவரோட முழு வாழ்க்கையையும் எடுக்கறோமா, உச்சத்துல இருந்த ஒரு வருஷத்தை மட்டுமா? இதைத் தீர்த்துட்டா பாதிச் சண்டை முடியும். சேது, விதியில என்ன இருக்கு?

கர்வ்பால் கண்ணன்:
1918-ல அவர் ஆடினது 95 ஆட்டம். போர் நேரம், செப்டம்பர் ஆரம்பத்துலயே சீசனை மூடிட்டாங்க. அந்த வருஷம் ரூத் போட்டது 166 இன்னிங்ஸ். 2022-ல ஓத்தானி போட்டதும் 166. ஆனா ஓத்தானி 157 ஆட்டம் ஆடி, 666 தடவை பேட் பிடிக்க வந்தார். ரூத் 400 கூட இல்லை.

அந்த அஞ்சையும் பிரிச்சு மேயலாமா? கடைசி ரெண்டு, 1930-லயும் 1933-லயும். ரெண்டுமே சீசனோட கடைசி நாள். பட்டம் கைவிட்டுப் போயாச்சு, 30-ல ஃபிலடெல்ஃபியாவுக்கு, 33-ல வாஷிங்டனுக்கு. ரெண்டு தடவையும் எதிரணி தேஞ்சுபோன பாஸ்டன். டிக்கெட் விக்கறதுக்குப் பண்ணின வேலை அது.

கூப்பர்ஸ்டவுன் குமரன்:
டிக்கெட் விக்கறதுக்கா? 38 வயசு. தொப்பை விழுந்து, கால் ஓடாம, ஓய்வு வாசல்ல நிக்கற மனுஷன் ஒன்பது இன்னிங்ஸும் தானே போட்டு 6-5 ஜெயிச்சு, அதே ஆட்டத்துல ஹோம் ரன்னும் அடிச்சார். இதைக் கேலி பண்ற வாய் பேஸ்பாலைப் பத்திப் பேசவே கூடாது.

மூணாவது பேஸ்:
விதின்னதும் எனக்கு குமரன்தான் ஞாபகம் வர்றார். போன வருஷம் ஒன்பதாவது ரவுண்டுல நான் யாங்கீஸ் பிட்சர் மரியானோ ரிவேராவை எடுக்க இருந்தேன். நைட் ஷிஃப்ட்ல இருந்தேன், நாலு நிமிஷம் தாமதம். அந்த நாலு நிமிஷத்துக்குள்ள என் முறையைத் தாண்டி ஆளைத் தூக்கிட்டுப் போனவர் இவர். பேஸ்பாலோட பெருமை மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஒரு ஓட்டுகூடக் குறையாமப் போன முதல் ஆள் ரிவேரா! எனக்குக் கிடைச்சது மிச்சம் மீதி.

கூப்பர்ஸ்டவுன் குமரன்:
நேரம் முடிஞ்சா முறை போச்சு. அது எழுதின விதி. நீங்க ஒரு வருஷமா அழறது எழுதாத விதி.

பழைய பிட்ஸ்பர்க்:
ரூத்தை விட்டுட்டு கிப்சன் பக்கம் வாங்க. 2024 மே மாசம் கறுப்பின வீரர்கள் தனியா ஆடின நீக்ரோ லீக் கணக்கை மேஜர் லீக் கணக்கோட சேர்த்தாங்க. ஆயிரம் தடவைக்கு 372 ஹிட்ங்கற பேட்டிங் சராசரியோட கிப்சன் முதலிடம், டை காப் 367-ஓட ரெண்டாவது இடத்துக்கு இறங்கிட்டார். அடியோட பலத்தைக் காட்டற ஸ்லக்கிங் கணக்குல கிப்சன் ரூத்தையே தாண்டிட்டார். குமரன் அணியில உண்மையான முதல் ஆள் கிப்சன்தான், ரூத் இல்லை.

கர்வ்பால் கண்ணன்:
கிப்சனை மதிக்கிறேன். ஆனா சீசனுக்கு அறுபது, எழுபது ஆட்டத்துல எடுத்த 372-ஐயும் 154 ஆட்டத்துல எடுத்த 367-ஐயும் ஒரே தராசுல வைக்க முடியாது.

பழைய பிட்ஸ்பர்க்:
அறுபது ஆட்டம் அவரா கேட்டு வாங்கினது இல்லையே. கதவைச் சாத்தினவன் யாரு? 1947 ஜனவரியில 35 வயசுல செத்துப்போனார் கிப்சன். அதே வருஷம் ஏப்ரல் 15-ஆம் தேதி, கறுப்பினத்தவருக்கு மூடியிருந்த மேஜர் லீக்ல ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்கு இறங்கினார். மூணு மாசம். அந்த மூணு மாசத்தை நினைச்சா எனக்கு இன்னைக்கும் நெஞ்சு அடைக்கும். இதுல ஆட்டக் கணக்கு கேக்கறீங்க. அந்தக் கதவுக்கு உள்ளே உட்கார்ந்து 714 அடிச்சவர்தான் உங்க ரூத்தும். நீக்ரோ லீக் பிட்சர் சாட்செல் பெய்ஜை லீக் ஆட்டத்துல ஒரு தடவையாவது அவர் சந்திச்சிருக்காரா?

கூப்பர்ஸ்டவுன் குமரன்:
என் அணி ஆளை வச்சே என்னை அடிக்கறீங்க, நல்லா இருங்க. 1920-ல ரூத் 54 ஹோம் ரன். அடுத்த ஆள் சிஸ்லர், 19. அமெரிக்கன் லீக்ல மத்த ஒவ்வொரு அணியும் முழுசா அடிச்சது அந்த 54-ஐ விடக் குறைச்சல். ஒரு ஆள் ஒரு அணியை விட அதிகம்! ஓத்தானி இதைப் பண்ணட்டும், அன்னைக்கு நான் தலை குனியறேன். அப்புறம் அந்த அஞ்சுக்கு அஞ்சு.

ஃப்ரீமான்ட் ராஜி:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலை. இன்னொண்ணு, குமரன் அண்ணே, உங்ககிட்ட வால்ட்டர் ஜான்சன் இருக்கார். 417 வெற்றி, 110 ஷட்அவுட். ரூத் மவுண்டு ஏறவே வேண்டாமே? பேசாம ரைட் ஃபீல்டுல ஃபீல்டிங்குக்கு நிறுத்துங்க, என் ஓட்டு உங்களுக்கு உறுதி.

நான் ஓத்தானியை டாட்ஜர் ஸ்டேடியத்துல மூணாவது பேஸ் பக்கம் உட்கார்ந்து பாத்திருக்கேன். பேட்டர் கட்டத்துக்கு வந்ததும் மட்டையைத் தரையில கிடத்தி, ஹோம் பிளேட் மூலையிலேருந்து அளந்து, அங்கதான் பின்னங்காலை வைப்பார். என் பக்கத்துல இருந்த பொண்ணு பாப்கார்ன் டப்பாவைக் கீழ வச்சுட்டுக் கைகூப்பாத குறையா அதைப் பாத்துக்கிட்டு இருந்தா. அந்த அளவு கவனம் உள்ள ஆளை "கம்ப்யூட்டர் காலத்துப் பையன்"னு போன வாரம் நீங்க எழுதினது எனக்குப் பிடிக்கலை.

கூப்பர்ஸ்டவுன் குமரன்:
ராஜி, ரைட் ஃபீல்டுல மட்டும் நிறுத்தினா அவர் சொன்னதை நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ஓட்டு போனாலும் பரவாயில்லை, மூணாவது ஆட்டத்துல ரூத்தான் பந்து போடுவார்.

கர்வ்பால் கண்ணன்:
போடட்டும். ஏழாவது இன்னிங்ஸ்ல மேஸும் பாண்ட்ஸும் வரிசையா வருவாங்க. 1998-ல பேஸ் மூணும் நிறைஞ்சு இருந்தப்பகூட, ஒரு ரன் போனாலும் போகட்டும்னு பாண்ட்ஸை அடிக்கவே விடாம முதல் பேஸுக்கு நடக்க விட்டாங்க. 2004-ல 120 தடவை வேணும்னே நடக்க விட்டாங்க.

மூணாவது பேஸ்:
பாண்ட்ஸ் ஹால் ஆஃப் ஃபேம்லயே இல்லை. ஊக்கமருந்துப் புகார்தான் காரணம்னு இங்க எல்லாருக்கும் தெரியும்.

கர்வ்பால் கண்ணன்:
குமரனைத் திட்டினீங்க, சந்தோஷப்பட்டேன். இப்ப என்கிட்டயா?

சேது (நடத்துனர்):
முழு வாழ்க்கையா, ஒரு வருஷமான்னு ராஜி கேட்டதைப் பத்தி விதியில ஒண்ணும் எழுதலை. ஓத்தானிக்காக 2022-ல மேஜர் லீக்கே விதியை மாத்துச்சு: பந்து போட்டு வெளிய வந்தப்புறமும் அந்த ஆளே டி.எச். ஆக (ஃபீல்டு பண்ணாம பேட் மட்டும் பிடிக்கறவர்) தொடரலாம்னு. அதை ரெண்டு அணிக்கும் தரலாம்னு நினைக்கறேன். இப்ப வரைக்கும் குமரன் 3, கண்ணன் 2. மூணாவது பேஸ் இன்னும் ஓட்டுப் போடலை.

மூணாவது பேஸ்:
ரிவேரா விஷயத்துக்கு வருத்தம்னு ஒரு வரி வரட்டும். அப்புறம் போடறேன்.

கூப்பர்ஸ்டவுன் குமரன்:
வராது.

கர்வ்பால் கண்ணன்:
சேது, அந்த டி.எச். விதி ரூத்துக்குப் பொருந்தாது. அவர் காலத்துல டி.எச்.சே கிடையாது, அமெரிக்கன் லீக்ல வந்ததே 1973-ல.

கூப்பர்ஸ்டவுன் குமரன்:
அப்ப ஓத்தானியும் டி.எச். ஆடக்கூடாது, வெளிய ஃபீல்டு பண்ணட்டும். விதியைக் கேட்டது நீங்க. 1920, 1921-ல ரெண்டு, 1930, 1933. அஞ்சும் வெற்றி. நாளைக்கு ஒவ்வொண்ணா ஸ்கோரோட எழுதறேன்.

கர்வ்பால் கண்ணன்:
எழுதுங்க. 1927-க்கு எதிர்ல எத்தனை இன்னிங்ஸ்னு அதையும் சேர்த்து எழுதுங்க.