கார்டில் 170 என்று போட்டிருக்கிறது, கேமராவோ மூன்று நொடியில் திணறுகிறது: எந்த மெமரி கார்டு வாங்கலாம்?

ஈரமணல்:
வணக்கம். ஆறு மாதமாகப் பறவைகளைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். 24 மெகாபிக்சல் கேமரா, நொடிக்கு 10 படம். ரா (கேமரா சுருக்காமல், திருத்தாமல் தரும் மூலக் கோப்பு) மட்டும்தான் எடுப்பேன், ஒவ்வொரு கோப்பும் 28 எம்பி சுமாருக்கு வருகிறது. நேற்று காலை ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்றது. இதுதான் சமயம் என்று ஷட்டரை அழுத்திப் பிடித்தேன், முதல் மூன்று நொடி கடகடவென்று போனது, அப்புறம் டக்... டக்... என்று நினைத்துக்கொண்டு ஒன்று, நிறுத்தி ஒன்று. அதற்குள் அது பாய்ந்து, மீனைக் கவ்வி, மேலே வந்து, போயே விட்டது. என் கையில் மிஞ்சியது தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை மட்டும்தான். கார்டில் எழுதும் சிவப்பு விளக்கு அதற்குப் பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் எரிந்துகொண்டே இருந்தது, வயிற்றெரிச்சல்.

கார்டு ஒன்றும் மட்டமானது இல்லை. 64 ஜிபி, பெரிதாக 170 எம்பி என்று போட்டிருக்கிறது, கூடவே யு3, வி30, ரோமன் எழுத்தில் ஒன்று என்று ஏகப்பட்ட குறிகள். இதைவிட வேகமானது என்றால் 300 என்று போட்டது வாங்க வேண்டுமா? என் கேமராவில் அது வேலை செய்யுமா? 128 ஜிபி ஒன்று நல்லதா, 64 இரண்டு நல்லதா? 4கே வீடியோவும் அவ்வப்போது எடுப்பேன்.

தட்டான்பூச்சி:
அந்த 170-ஐ முதலில் மறந்துவிடுங்கள். அது படிக்கும் வேகம், அதாவது கார்டிலிருந்து கணினிக்கு மாற்றும்போது, அதுவும் அதற்கென்று உள்ள ரீடர் இருந்தால் கிடைப்பது. உங்களுக்கு வேண்டியது எழுதும் வேகம், அதை யாரும் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். ரோமன் ஒன்று என்றால் யூஎச்எஸ்-1 கார்டு, கார்டும் கேமராவும் தரவு மாற்றிக்கொள்ளும் பாதையில் ஒரு வகை. அந்தப் பாதையின் உச்சவரம்பே நொடிக்கு 104 எம்பி, கேமராவுக்குள் அதற்கு மேல் போகாது. நிஜத்தில் எழுதுவது அதற்கும் கீழே, 70 என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 10 படம், ஒவ்வொன்றும் 28 என்றால் 280 எம்பி உள்ளே வருகிறது. 70 கார்டுக்குப் போகிறது, மீதி 210 கேமராவின் பஃபரில், அதாவது கார்டுக்குப் போகும்வரை படங்கள் காத்திருக்கும் உள் நினைவகத்தில், தேங்குகிறது. மூன்று நொடியில் நிறைந்துவிட்டது என்றால் பஃபர் 630 எம்பி. அதைக் கார்டுக்குத் தள்ள 9 நொடி போதும். ஆனால் நீங்கள் அரை நிமிடத்துக்கு மேல் என்கிறீர்கள், அங்கேதான் இடிக்கிறது. உங்கள் கார்டு 70-இல் எழுதவில்லை, அல்லது வேறு ஏதோ அதை இழுத்துப் பிடிக்கிறது. கேமராவில் இரண்டு ஸ்லாட் இருக்கிறதா? இரண்டாவதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?

அரைக்கண்:
பறவை சிறகடித்து நிற்கும்போதே ஏன் அழுத்தினீர்கள்? அப்போது பாதி அழுத்தி ஃபோகஸை மட்டும் பிடித்து வைத்திருக்க வேண்டும், தலை கீழே சாயும்போதுதான் முழுதாக அழுத்த வேண்டும். எவ்வளவு பணம் போட்டுக் கார்டு வாங்கினாலும், நிற்கிற பறவையை முப்பது படம் எடுத்தால் பஃபர் நிறையத்தான் செய்யும். மெனுவில் சுருக்கிய ரா என்று இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள்.

ஈரமணல்:
அரைக்கண், குத்தினாலும் சரியாகத்தான் குத்தியிருக்கிறீர்கள். பதற்றத்தில் அழுத்திவிட்டேன்.

தட்டான்பூச்சி, நீங்கள் கேட்ட பிறகுதான் கேமராவைத் திறந்து பார்த்தேன். இரண்டு ஸ்லாட் இருக்கிறது. இரண்டாவதில் பழைய 32 ஜிபி கார்டு ஒன்று கிடக்கிறது, ‘சி’ எழுத்துக்குள்ளே 10 என்று போட்டது, முந்தைய கேமராவோடு வந்தது. பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று எல்லாப் படமும் இரண்டிலும் பதிவாகும்படி வைத்திருந்தேன். அதுவா வில்லன்?

தட்டான்பூச்சி:
அதுவேதான். இரண்டிலும் ஒரே படத்தை எழுதச் சொன்னால் மெதுவான கார்டு முடிக்கும்வரை பஃபரில் அந்த இடம் காலியாகாது. 10 என்ற குறி நொடிக்குக் குறைந்தது 10 எம்பிக்குத்தான் உத்தரவாதம். உங்களுடையது 20-இல் எழுதுகிறது என்று வைத்தால் நொடிக்கு 260 தேங்கும், மூன்று நொடிக்கு 780. அதைக் காலி செய்ய 39 நொடி. இப்போது உங்கள் விளக்குக் கணக்கு ஒத்து வருகிறது.

அதற்காக அந்தக் கார்டை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். 780 எம்பி பஃபர், நொடிக்கு 210 தேக்கம் என்றால் நாலு நொடிகூட வராது. விளக்கு சீக்கிரம் அணையும், அவ்வளவுதான். தொடர்ந்து சுட வேண்டுமென்றால் யூஎச்எஸ்-2 கார்டுதான் வழி. அதன் முதுகில் தங்க நிறத் தகடுகள் இரண்டு வரிசை இருக்கும், உங்களுடையதில் ஒரு வரிசைதான் இருக்கும், திருப்பிப் பாருங்கள். அந்த இரண்டாவது வரிசை வழியாக உச்சவரம்பு 312 எம்பி வரை போகிறது. நிஜமாகவே 200-இல் எழுதும் கார்டு என்றால் தேங்குவது 80 மட்டும், கிட்டத்தட்ட பத்து நொடி நிற்காமல் எடுக்கலாம். ஆனால் ஸ்லாட்டும் யூஎச்எஸ்-2 ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு வேலை செய்யும், பழைய வேகத்தில். கொடுத்த காசு வீண். சில கேமராக்களில் ஒரு ஸ்லாட் மட்டும் வேகமானது, கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கோடைமேகம்:
வீடியோவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 4கே-வுக்காகப் புதுக் கார்டு வேண்டாம். கேமராவில் 100 எம்பிபிஎஸ் என்று இருப்பது மெகாபிட், கார்டில் இருப்பது மெகாபைட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பி. வி30 என்றால் எழுதும் வேகம் 30-க்குக் கீழே இறங்காது என்ற உறுதி, தாராளமாகப் போதும். இந்த பிட், பைட் குழப்பத்தில் நானே ஒரு வி90 கார்டு வாங்கி, இன்றுவரை அதன் பாதி வேகத்தைக்கூடப் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறேன். 400 மெகாபிட் போகும் கேமரா என்றால் 50 எம்பி ஆகிறது, அப்போது வி60 கட்டாயம்.

அதேபோல வி60 என்று பார்த்தவுடன் பர்ஸ்டுக்கும் (அழுத்திப் பிடித்துத் தொடர்ந்து எடுப்பதற்கும்) சரி என்று நம்பிவிடாதீர்கள். 60 என்பது அடிமட்டம். ஒரே வி60 குறி போட்ட இரண்டு கார்டுகளின் எழுதும் வேகம் வெவ்வேறாக இருக்கும், பொடி எழுத்தில் எழுதும் வேகம் என்று தனியாகப் போட்டிருப்பதைத் தேடிப் பிடியுங்கள். ஏ1, ஏ2 என்ற குறிகள் ஃபோனில் ஆப் ஓட்டுவதற்கு, கேமராவுக்கு அதனால் பிரயோசனமில்லை.

பழையசுருள்:
நான் சொல்ல வந்தது வேகத்தைப் பற்றி இல்லை, ஏமாந்ததைப் பற்றி. இணையத்தில் முகம் தெரியாத ஒரு விற்பனையாளரிடம் 256 ஜிபி கார்டு வாங்கினேன். அட்டை, எழுத்து, ஹாலோகிராம் எல்லாம் அச்சு அசல். கேமராவும் 256 என்றே காட்டியது. நண்பர் மகளின் பிறந்தநாளில் முழுக்க எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் முதல் ஆயிரம் படம் ஒழுங்காக இருக்கிறது, அதற்குப் பிறகு பாதிப் படம், கீழே சாம்பல் பட்டை, அப்புறம் திறக்கவே திறக்காத கோப்புகள். உள்ளே இருந்தது 32 ஜிபி சில்லு, 256 என்று பொய் சொல்லும்படி மாற்றியிருக்கிறார்கள். கேக் வெட்டியது சாம்பல் பட்டைக்குள் போய்விட்டது, இன்னும் அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

அதிலிருந்து எந்தக் கார்டு வாங்கினாலும் முதல் வேலை, சோதிக்கும் மென்பொருளை ஓட்டுவது: விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. இலவசம்தான். கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும், எழுதும் வேகத்தையும் காட்டிவிடும். முடிந்ததும் கேமராவிலேயே ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்.

128-ஆ, 64 இரண்டா என்றால் நான் இரண்டு என்பேன். ஒன்று போனாலும் பாதி நாள் மிஞ்சும்.

அரைக்கண்:
இதில் நான் பழையசுருளோடு ஒத்துப்போகவில்லை. சேற்றில் நின்றுகொண்டு கார்டு மாற்றும்போது கை தவறிப் போட்டவன் நான். ஒரே 128, அன்றன்றைக்கே வீட்டில் நகல்.

ஈரமணல்:
கையேட்டைப் பார்த்தேன். முதல் ஸ்லாட் யூஎச்எஸ்-2, இரண்டாவது யூஎச்எஸ்-1. பழைய கார்டை வெளியே எடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து அழுத்திப் பிடித்து எண்ணினேன்: முன்பு 30 படத்தில் திணறியது, இப்போது 37. விளக்கு 11 நொடியில் அணைந்துவிட்டது. தட்டான்பூச்சியின் கணக்கு அப்படியே வருகிறது, பயமாக இருக்கிறது!

எழுதும் வேகம் 200-க்கு மேல் போட்ட யூஎச்எஸ்-2 கார்டு, 64 ஜிபியில் இரண்டு வாங்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு சந்தேகம்: இப்போது இருக்கும் வி30 கார்டை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு வைக்கலாமா?

தட்டான்பூச்சி:
போடுங்கள், ஆனால் இரண்டிலும் பதிவாகும் அமைப்பை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் புதுக் கார்டும் 70-க்கு இறங்கிவிடும். முதல் கார்டு நிறைந்ததும் இரண்டாவதுக்குப் போகும்படி வைக்கலாம், அல்லது வீடியோவை மட்டும் அதற்கு அனுப்பலாம். நகல் கட்டாயம் வேண்டும் என்கிற நாளில், பறவை இல்லாத நாளாகப் பார்த்து, பழையபடி மாற்றிக்கொள்ளுங்கள். கார்டு ரீடரும் யூஎச்எஸ்-2 ஆகப் பாருங்கள், பழையதில் போட்டுவிட்டு மெதுவாக இருக்கிறது என்று இங்கே வந்து நிற்காதீர்கள்.