கடற்காற்றில் இலகுவான முக்காலி நிற்குமா?

புதுக்கண்: தை மாதத்தில் தனுஷ்கோடியின் விடியற்கால அலைகளை நீண்ட எக்ஸ்போஷரில் (ஷட்டரைப் பல நொடி திறந்துவைத்து) எடுத்துவிட்டு, சென்னைக்குத் திரும்பும் வழியில் வேடந்தாங்கலிலும் படமெடுக்க எண்ணியிருக்கிறேன். 1.2 கிலோ எடையுள்ள நான்கடுக்குக் (ஒவ்வொரு காலும் ஒன்றுக்குள் ஒன்று செருகிய நான்கு குழாய்கள்) கார்பன் ஃபைபர் முக்காலி, 2.5 கிலோ எடையுள்ள மூன்றடுக்கு அலுமினிய முக்காலி ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் என்னால் வாங்க முடியும். எதை வாங்கலாம்?

கடலோடி: தயங்காமல் அலுமினிய முக்காலியை வாங்குங்கள். ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் 10 ஸ்டாப் என்டி ஃபில்டரை மாட்டினால், 1/60 நொடியில் முடிய வேண்டிய படம் ஏறத்தாழ 17 நொடிக்கு நீளும். அவ்வளவு நேரமும் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைக் காற்று விடாமல் அடித்தால், மெல்லிய கால்களின் நடுக்கமும் ஓயாது. அலை பட்டுப்போல் வந்தாலும் அருகிலுள்ள கற்களின் விளிம்பு மங்கிவிடும்.

நெடுநடை: இதில் நான் மாறுபடுகிறேன். எடை மட்டுமே உறுதியைத் தருவதில்லை. கார்பன் ஃபைபர் அதிர்வை அலுமினியத்தைவிட விரைவாக அடக்கும். நடுத்தண்டை ஏற்றாமல், கடைசி மெல்லிய அடுக்கை நீட்டாமல், கேமராவை இடுப்புயரத்துக்குக் கீழே வைத்து, பையைக் கொக்கியில் தொங்கவிட்டு, 2 நொடி டைமரில் எடுத்துப் பாருங்கள். கனமான முக்காலியைச் சுமந்து மணலில் நடந்து களைத்தவர், நல்ல கோணத்தைத் தேடி இன்னும் நூறடி நடக்க மாட்டார்.

கடலோடி: நண்பரே, நீங்கள் சொல்வது கட்டாந்தரைக்குப் பொருந்தும். கடற்கரையில் கடைசி அடுக்கைத்தான் முதலில் நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுக்குகளை இறுக்கும் பூட்டுகள் மணலிலும் உப்புநீரிலும் புதைந்து, வீடு திரும்புவதற்குள் நறநறக்கத் தொடங்கிவிடும். ஆகவே அங்கே கேமராவைத் தாங்கி நிற்பது அந்த மெல்லிய கால்தான், அது பருமனாக இருப்பதே நமக்கு வேண்டியது. தொங்கும் பையும் காற்றில் ஊசலாடும் என்பதால் அதன் அடி தரையைத் தொட்டிருக்க வேண்டும். பின்வாங்கும் அலை காலடி மணலை அரித்துவிடும். அதனால் கால்களை ஆழமாக அழுத்தி ஊன்றிய பிறகே ஷட்டரைத் தொடுங்கள்.

கூழைக்கடா: இருவரும் கடலோடு நின்றுவிட்டீர்கள். வேடந்தாங்கலுக்கு 150–600 மி.மீ. தொலைதூர லென்ஸ் கொண்டுசெல்வதானால், அதுவே சுமார் 2 கிலோ இருக்கும். முக்காலியின் தலையிலுள்ள உருண்டை மூட்டான பால் ஹெட்டைத் தளர்த்தியவுடன் அது முன்னால் கவிழும். கனமான லென்ஸைச் சமநிலையில் தாங்கும் கிம்பல் ஹெட்டில் பொருத்தினால் விரல் நுனியால் திருப்பலாம். ஆனால் அந்தக் கனத்தை 1.2 கிலோ கால்களின் மேல் வைக்க எனக்குத் துணிவில்லை. பறக்கும் நாரையை 1/2000 நொடியில் எடுக்க முக்காலியே வேண்டாம் என்பது உண்மைதான். எனினும் மரத்தில் அடைந்திருப்பவற்றை மங்கிய வெளிச்சத்தில் 1/100 நொடியில் எடுக்கும்போது அதன் அருமை தெரியும். காவற்கோபுரத்தில் மட்டும் அதை விரிக்காதீர்கள்: பிறர் நடக்கும் அதிர்வு கால்கள் வழியே ஏறும், பாதையும் அடைபடும். அங்கே ஒற்றைக்கால் மோனோபாட் போதும்.

நெடுநடை: பூட்டுகளைப் பற்றிக் கடலோடி சொன்னதை ஏற்கிறேன், நான் அதை எண்ணிப் பார்க்கவில்லை. ஆயினும் என் பரிந்துரை அலுமினியத்துக்கு மாறாது, மூன்றடுக்குக் கார்பனுக்கு மாறும்: கடைசிக் கால் பருமனாகவும் இருக்கும், உப்பில் குழாயும் அரிக்காது.

புதுக்கண்: அதன் விலை என் கைக்கு எட்டவில்லை. எனவே அலுமினிய முக்காலியையே வாங்குகிறேன். கிம்பல் ஹெட்டை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

கடலோடி: அப்படியானால் அன்றிரவே அறையில் பூட்டுகளைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, உலரவிட்ட பிறகு மாட்டுங்கள். அலுமினியத்துக்கு உப்பு ஆகாது.