பட்டியலில் இரட்டைப் பெயர்கள், 17சி கணக்கில் 50 ஓட்டு வித்தியாசம்: என்ன செய்யலாம்?

வடக்குவாசல்:
எங்கள் பாகத்து (ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய) வாக்காளர் பட்டியலை எக்செல்லில் ஏற்றிப் பார்த்தோம். பெயர், தந்தை பெயர், வயது மூன்றும் ஒத்துப்போகும் பதிவுகள் நிறைய. சிலருக்கு வீட்டு எண் '0'. எண்ணிக்கையன்று வாக்கு இயந்திரத்தின் கன்ட்ரோல் யூனிட் காட்டிய மொத்தம், வாக்குச்சாவடியில் பதிவான ஓட்டுக் கணக்கைச் சொல்லும் 17சி படிவத்தைவிடச் சரியாக 50 அதிகம். கள்ள ஓட்டு என்று மனு கொடுக்கலாமா?

படிவம்ஏழு:
இப்போதே வேண்டாம் நண்பரே. பட்டியலில் பிறந்த தேதி கிடையாது, வயது மட்டும்தான். 'முருகன், த/பெ மாரிமுத்து, 45' என்று ஒரே பாகத்தில் இரண்டு பேர் இருப்பது சர்வசாதாரணம். அதோடு, பட்டியல் படமாகத்தான் வெளியாகிறது. படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் போட்டால் ன-ண, ர-ற, 3-8 எல்லாம் குழம்பும். பொருந்திய ஒவ்வொரு வரியையும் மூலப் பக்கத்தோடு வைத்துக் கண்ணால் பாருங்கள். அடுத்து எபிக் எண், அதாவது வாக்காளர் அட்டை எண். எண் வேறு, ஆள் ஒருவரே என்றால்தான் இரட்டைப் பதிவு. கட்சிகளுக்குத் தரும் அச்சுப் பிரதியில் புகைப்படம் இருக்கும், அதில் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். மீதிக்கு வீடு வீடாகப் போகத்தான் வேண்டும்.

வீட்டு எண் '0' என்பது கதவு எண் இல்லாதவர்களுக்குப் போடுவது. அதை மட்டும் வைத்துப் பெயரை நீக்கச் சொன்னால் வீடற்றவர்கள் ஓட்டுரிமைதான் பறிபோகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

உறுதியானவற்றுக்கு மட்டும், பெயரை நீக்கக் கோரும் படிவம் 7, ஒரு பெயருக்கு ஒன்று. வாக்காளர் பதிவு அலுவலர் நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பார். முடிவு பிடிக்கவில்லை என்றால் 15 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு. பொய்யாக உறுதிமொழி கொடுத்தால் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 31-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை.

எண்ணும்மேசை:
சரியாக 50 என்றதுமே மாதிரி வாக்குப்பதிவுதான் நினைவுக்கு வருகிறது. ஓட்டுப்பதிவு தொடங்குமுன் காலையில் வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் முன்னால் குறைந்தது 50 ஓட்டுப் போட்டுக் காட்டுவார்கள். பிறகு கிளியர் செய்ய மறந்தால் அந்த 50-ம் மொத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். மாதிரி வாக்குப்பதிவுச் சான்றில் யாருக்கு எத்தனை விழுந்தது என்று இருக்கும். கருப்பு உறையில் அந்த ஓட்டுகளுக்கு அச்சான விவிபாட் சீட்டுகளும் இருக்கும். வேட்பாளர்வாரியாகக் கழித்துப் பாருங்கள். கழித்தும் ஒத்துவரவில்லை என்றால்தான் விஷயம் பெரிது.

17ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுப் போடாமல் போனவர்கள் இருந்தால் இயந்திரத்தில் எண்ணிக்கை குறையும், கூடாது. டெண்டர்டு ஓட்டு தாளில் போடுவது, இயந்திரத்தில் ஏறாது. ஆனால் அது எத்தனை என்று 17சி-யில் பாருங்கள்: 'என் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்' என்று வந்தவர்களின் கணக்கு அது. கள்ள ஓட்டுக்கு இதைவிட நேரடியான தடயம் அந்தப் படிவத்தில் வேறில்லை.

வடக்குவாசல்:
டெண்டர்டு 3 என்று இருக்கிறது. சான்றின் நகலைக் கேட்கிறோம். கோர்ட்டுக்குப் போக எவ்வளவு நாள் இருக்கிறது?

எண்ணும்மேசை:
முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள், உயர் நீதிமன்றத்தில். தகுதியில்லாத ஓட்டு விழுந்தது என்று நிரூபித்தால் மட்டும் போதாது, அதனால் முடிவே மாறியிருக்கும் என்றும் காட்ட வேண்டும். வெற்றி வித்தியாசம் சில ஆயிரம் என்றால் 3 டெண்டர்டு ஓட்டு எடுபடாது. 17ஏ உறையை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பிரிக்க மாட்டார்கள். வாக்குச்சாவடி வீடியோவையும் மனு ஏதும் இல்லையென்றால் 45 நாளுக்குப் பிறகு அழித்துவிடலாம் என்று 2025-இல் தேர்தல் ஆணையம் சொல்லிவிட்டது. போகிறதாக இருந்தால், அந்த வீடியோவைப் பாதுகாக்கக் கோரும் இடைக்கால மனுவையும் சேர்த்தே போடுங்கள்.