சுட்ட கணவாய்: புரதம் 16 கிராமா, 32 கிராமா?

வடலி:
100 கிராம் கணவாயிலை புரதம் 16 கிராம் எண்டு ஒரு அட்டவணை, 32 எண்டு இன்னொண்டு. எதை எடுக்கிறது? அப்பாவுக்குக் கொலஸ்ட்ரோல் கூட. பொரிக்காமல் தணலிலை சுட்டுக் குடுக்கலாமோ? சுட்டால் சவ்வு மாதிரி இழுபடுது, அதுக்கும் வழி சொல்லுங்கோ.

பாசையூரான்:
ரெண்டும் சரி தம்பி. 16 பச்சைக்கு, 32 சமைச்சதுக்கு. அமெரிக்க விவசாயத் திணைக்கள அட்டவணையிலை ஓட்டுக் கணவாய் பச்சையா 100 கிராமுக்கு 79 கலோரி, கொழுப்பு 0.7 கிராம், கொலஸ்ட்ரோல் 112 மில்லிகிராம். சமைச்சதுக்கு 158, 1.4, 224. எல்லாம் அப்படியே இரட்டிப்பு. தண்ணி வத்தி நிறை பாதியாகிற கணக்கு அது. சுட்டதாலை சத்துக் கூடேல்லை. கெதியாச் சுட்டால் அவ்வளவு வத்தாது. அதாலை ஓடு, மைப்பை, தோல் கழிச்சுப் பச்சையாவே நிறுங்கோ. 150 கிராம் எண்டால் புரதம் 24 கிராம், கலோரி 120க்குக் கிட்ட. இரும்பு 9 மில்லிகிராம், மீனிலை இவ்வளவு லேசிலை வராது. பி12 ஒரு நாள் தேவைக்கு மேலையே கிடைக்கும்.

கரையோரம்:
இழுபடுறதுக்கு முக்கிய காரணம் நேரம். சதை வெள்ளையாகி விளிம்பு சுருளத் தொடங்கினால் போதும், பக்கத்துக்கு ஒண்டரை, ரெண்டு நிமிசம். அதுக்கு மேலை நிண்டால் இறுகும். பிறகு அரை மணித்தியாலத்துக்கு மேலை மூடி அவிச்சால்தான் இளகும். வெளித்தோலோடை உள்ளுக்கை இருக்கிற மெல்லிய சவ்வையும் உரியுங்கோ. உள்பக்கத்திலை பாதி ஆழத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக் கீறுங்கோ. துணியாலை ஈரம் ஒற்றாட்டில் தன்ரை தண்ணியிலையே அவியும், சுடுபடாது. சிரட்டைக்கரி சாம்பல் பூத்த பிறகு வையுங்கோ. சுவாலையிலை மிளகாய்த்தூள் கருகிக் கைக்கும்.

வடலி:
தேசிக்காய்ப் புளி எப்ப விடுறது, அக்கா?

கரையோரம்:
இறக்கினாப் பிறகு. முதலே விட்டு ஊறவிட்டால் புளி சதையை இறுக்கிப்போடும். உப்பும் தணலிலை வைக்கேக்கைதான். முந்திப் போட்டால் தண்ணி விடும். கணவாயிலையே 100 கிராமுக்கு 370 மில்லிகிராம் சோடியம் இருக்கு, பிரஷர்காரருக்கு ஒரு சிட்டிகை காணும்.

பாசையூரான்:
அப்பாவின்ரை விசயம்: இரத்தக் கொலஸ்ட்ரோலைக் கூட்டுறதிலை உணவிலை இருக்கிற கொலஸ்ட்ரோலை விட நிறைவுற்ற கொழுப்புக்குத்தான் பங்கு அதிகம். கணவாயிலை அது மிகக் குறைவு. தேங்காய் முதற்பால் விட்ட பிரட்டலிலைதான் ஏறுது. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் பூசிச் சுட்டால் 40 கலோரிதான் கூடும். ஆனால் வைத்தியர் கொலஸ்ட்ரோலுக்கு அளவு சொல்லியிருந்தால், 150 கிராமிலை 168 மில்லிகிராம் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ. யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கிறவர், இறால் ஒத்துக்கொள்ளாதவர் எண்டால், கேக்காமல் குடுக்க வேண்டாம்.